பழைய அளவை மறக்காத உடம்பு

ஏற்காட்டில் எனக்கு ரவிக்கை தைத்துத் தரும் பெண்ணிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. யார் யாருக்கு என்ன அளவு என்று அதில் குறித்து வைத்திருப்பாள். 2019-ல் நான் ஐந்தே மாதத்தில் 13 கிலோ இளைத்தேன். பெருமை தாங்கவில்லை. இருந்த ரவிக்கைகளை எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய்ப் பிடித்துத் தைக்கச் சொன்னேன். 2021-ல் அதே மூட்டையோடு மறுபடியும் போய் நின்றேன். இந்தத் தடவை பிரித்துத் தைப்பதற்கு!

அவள் சிரித்துக்கொண்டே நோட்டைப் புரட்டினாள். "பழைய அளவை நான் அடிக்கவே இல்லீங்க அக்கா. எப்படியும் திரும்பி வருவீங்கன்னு தெரியும்" என்றாள்.

வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்கு முகம் செத்துப் போயிற்று. வீட்டுக்கு வந்து அழுதேன்.

எடை எப்படிக் குறைந்தது என்று கேட்கிறீர்களா? ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். மத்தியானம் ஒரு கிண்ணம் காய். 78 கிலோ இருந்தவள் 65 ஆனேன். பார்த்தவர்கள் எல்லாம், "என்ன ரகசியம்?" என்று கேட்டார்கள். பொடியை நிறுத்தின மறு மாதமே ஏற ஆரம்பித்தது. ஒன்றரை வருஷத்தில் 80. போனது 13, வந்தது 15! "வாயைக் கட்டத் தெரியாதவள்" என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் மகளையும் அதே வார்த்தையால் திட்டினேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதுதான்.

மகளுக்கு நான் செய்த தப்பு

என் மூத்தவள் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்ஸி. விலங்கியல் படிக்கிறாள். சின்ன வயசிலிருந்தே பூசினாற்போல் உடம்பு. போன வருஷம் ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. நடுவில் பேசின அம்மாள், "பொண்ணு லட்சணமா இருக்குதுங்க. ஒரு பத்து கிலோ இளைச்சா நல்லாயிருக்கும்னு மாப்பிள்ளை வீட்ல அபிப்பிராயப்படறாங்க" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "எங்கள் பெண் இப்படித்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "மூணு மாசத்துல இளைக்க வெச்சுடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அவள் லீவுக்கு வந்தபோது காலையில் ஒரு டம்ளர் மோர், மத்தியானம் ஒரு சப்பாத்தி, ராத்திரி ஒரு வாழைப்பழம். தம்பி எதிரே உட்கார்ந்து தோசை தின்பான். இவள் தலையைக் குனிந்துகொள்வாள். பன்னிரண்டாம் நாள் காலை கொல்லைப்புறம் துணி காயப்போடப் போனவள் அப்படியே சரிந்து விழுந்தாள். என் கை காலெல்லாம் நடுங்கிவிட்டது.

மலை இறங்கி சேலத்துக்குக் கூட்டிப் போனோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவள் தலை என் தோளில் ஆடிக்கொண்டே வந்தது. பரிசோதித்த லேடி டாக்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.6 தான் என்றார். "பட்டினி போட்டா கொழுப்பு மட்டுமா போகும்? சதையும் போகும், ரத்தமும் போகும். இப்படி இளைச்சா திரும்ப வராம இருக்குமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் பேசவில்லை. என் கதைதான் எனக்குத் தெரியுமே!

அன்று ராத்திரி மகளின் கட்டிலில் உட்கார்ந்து, "அம்மா தெரியாம பண்ணிட்டேன் கண்ணு" என்றேன். அவள் கோபப்படவில்லை. தன் போனில் ஒரு கட்டுரையை எடுத்தாள். "அம்மா, இது என்னைப் பத்தி மட்டும் இல்லை. உன்னைப் பத்தியும்தான். கேளு" என்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். அதைத்தான் எனக்குப் புரிந்த விதத்தில் உங்களுக்குச் சொல்லுகிறேன்.

காலியான கோணி

இவர் காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். அதனால் எனக்குக் கோணிப்பை பழக்கம். காப்பிக் கொட்டையைக் கொட்டிவிட்டாலும் கோணி எங்கும் போய்விடுவதில்லை. மடிந்து மூலையில் கிடக்கும். நம் உடம்பில் கொழுப்பைச் சேர்த்து வைக்கும் செல்களும் இப்படித்தானாம். இளைக்கும்போது உள்ளே இருக்கும் கொழுப்பு வற்றுகிறது. செல் சுருங்குகிறது. ஆனால் செல்களின் எண்ணிக்கை குறைவதில்லை.

இதைக் கண்டுபிடித்த விதம் ஆச்சரியமானது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் பெரிய நாடுகள் திறந்த வெளியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தன அல்லவா? அதனால் காற்றில் ஒரு விதமான கார்பன் அதிகமாயிற்று. அது செடிக்குள் போய், சாப்பாட்டின் வழியாக மனிதர்களின் செல்களுக்குள்ளும் போயிற்று. பிறகு வருஷா வருஷம் காற்றில் அது குறைந்துகொண்டே வந்தது. ஆகவே ஒரு செல்லுக்குள் அந்தக் கார்பன் எவ்வளவு என்று அளந்தால், அது எந்த வருஷம் பிறந்த செல் என்று சொல்லிவிடலாம். ஸ்வீடன் நாட்டின் கரோலின்ஸ்கா நிலையத்தைச் சேர்ந்த கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழுவினர் 2008-ல் இந்த முறையால் கொழுப்புச் செல்களின் வயதைப் பார்த்தார்கள். வருஷத்துக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு செல்கள் செத்து, அதே அளவு புதிதாக வருகின்றன. மொத்த எண்ணிக்கை சிறு வயதிலும் வாலிபத்திலும் தீர்மானமாகிவிடுகிறது. வளர்ந்த பிறகு நன்றாக இளைத்தாலும் அது குறைவதில்லை.

சரி, கோணி காலியாகத்தானே இருக்கிறது, அதனால் என்ன என்று கேட்டேன். "அந்தக் கோணியை முகர்ந்து பாரும்மா" என்றாள் மகள். காப்பி வாசனை போகாது!

சமையல் நோட்டில் மடித்த மூலை

அந்த வாசனைக்குப் பெயர்தான் எபிஜெனெடிக்ஸ். தமிழில் மேல்மரபியல் என்கிறார்கள். அந்தச் சொல்லை 1942-ல் உருவாக்கியவர் வாடிங்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி.

என் அம்மா எனக்குக் கொடுத்த சமையல் நோட்டு ஒன்று உண்டு. அதில் எழுதியிருப்பதை நான் மாற்றியதில்லை. ஆனால் அடிக்கடி செய்கிற பலகாரத்தின் பக்கத்தில் மூலையை மடித்து வைத்திருக்கிறேன். செய்யாதவற்றைக் குண்டூசியால் சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறேன். நோட்டைத் திறந்தால் மடித்த பக்கம்தான் சட்டென்று வரும். குத்தின பக்கம் வராது.

நம் மரபணுக்களும் இப்படி ஒரு நோட்டுத்தான். பெற்றோரிடமிருந்து வந்த எழுத்து மாறாது. ஆனால் நாம் சாப்பிடுவது, வாழும் விதம் இவற்றால் அந்த எழுத்தின் மேல் சின்னச் சின்ன ரசாயனக் குறிகள் ஏறுகின்றன. எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பதை அந்தக் குறிகள் தீர்மானிக்க உதவுகின்றன.

எலி சொன்ன சேதி

2024 நவம்பரில் 'நேச்சர்' பத்திரிகையில் வந்த ஆராய்ச்சி இதைப் பற்றியதுதான். ஸ்விட்சர்லாந்தில் ஜூரிச் நகரத்திலுள்ள இ.டி.எச். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெர்டினான்ட் ஃபான் மேயன், லாரா ஹின்டே ஆகியோரின் குழு செய்தது. எலிகளுக்குக் கொழுப்பு நிறைந்த தீனி போட்டுக் குண்டாக்கினார்கள். பிறகு சாதாரணத் தீனிக்கு மாற்றி இளைக்க வைத்தார்கள். வெளியே பார்த்தால் ஒல்லி எலிதான். ஆனால் கொழுப்புச் செல்லுக்குள் பார்த்தால், குண்டாக இருந்த காலத்துக் குறிகள் பல அப்படியே இருந்தன! மறுபடி கொழுப்புத் தீனி போட்டபோது, ஒருபோதும் குண்டாக இல்லாத எலிகளைவிட இவை வேகமாகப் பெருத்தன.

மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் கொழுப்புத் திசுவை ஆபரேஷனின்போதும், இரண்டு வருஷம் கழித்தும் எடுத்து ஆராய்ந்தார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் கால் பங்காவது குறைந்தவர்கள் அவர்கள். அப்படியும், பல மரபணுக்கள் குண்டாக இருந்த காலத்தைப் போலவே நடந்துகொண்டன.

கேட்டுக்கொண்டே வந்த எனக்கு, தையற்காரப் பெண்ணின் நோட்டு நினைவுக்கு வந்தது. பழைய அளவை அடிக்காமல் வைத்திருந்தது அவள் மட்டுமில்லை, என் உடம்பும்தான்!

இந்தக் குறிகள்தான் முழுக் காரணம் என்று அந்த விஞ்ஞானிகள் சொல்லவில்லை. மூளையிலும் மற்ற இடங்களிலும்கூட இப்படி ஞாபகம் இருக்கலாம் என்கிறார்கள். குறிகளை அழிக்க இன்றைக்கு மருந்து கிடையாது. ஆனால் கொழுப்புச் செல்லின் ஆயுள் சராசரியாகப் பத்து வருஷம். குறைந்த எடையை நீண்ட காலம் காப்பாற்றி வந்தால் அந்த ஞாபகம் மெள்ள மங்கவும் கூடும் என்று நம்ப இடமிருக்கிறது. மூன்று மாசத்தில் முடித்துவிடுகிற காரியமில்லை என்பது மட்டும் நிச்சயம். சிறு வயதிலேயே அளவுக்கு மீறிப் பெருக்காமல் பார்த்துக்கொள்வது எல்லாவற்றிலும் மேல்.

புனாவின் குழந்தைகள்

"இதெல்லாம் வெள்ளைக்காரங்க கதைதானே?" என்றேன். "நம்ம நாட்டுக் கதை இதைவிடப் பெரிசு" என்றாள் மகள்.

புனாவிலுள்ள கே.இ.எம். ஆஸ்பத்திரியின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக், 1993-ல் சுற்றுவட்டாரத்திலுள்ள ஆறு கிராமங்களில் பெண்களைக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே கவனிக்கத் தொடங்கினார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிறந்த குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தை எல்லா விதத்திலும் சின்னதுதானே என்று நினைப்போம். ஆனால் அளந்து பார்த்தால் சதை குறைவு, வயிறு சின்னது. தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. 'ஒல்லிக் குண்டு' என்று இதைச் சொல்லலாம்.

இதே டாக்டர் 2004-ல் 'லான்செட்' பத்திரிகையில் தன்னையே உதாரணமாகக் காட்டினார். அவரும் அவருடைய ஆங்கிலேய நண்பர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் போட்டோ. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு ஒன்றேதான், 22.3. ஆனால் உடம்பிலிருக்கும் கொழுப்பு? ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம். நம்மவருக்கு 21.2 சதவீதம்! ஆளைப் பார்த்து எடை போடாதீர்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

அந்தக் கிராமத்துத் தாய்மார்களில் பெரும்பாலோருக்கு பி-12 வைட்டமின் குறைவாக இருந்தது. ரசாயனக் குறிகளில் முக்கியமான ஒன்று மெத்தில் குறி. அதை உண்டாக்க உடம்புக்கு பி-12, ஃபோலிக் அமிலம் இரண்டும் வேண்டும். பி-12 குறைந்து ஃபோலிக் அமிலம் மட்டும் அதிகமாக இருந்த தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளிடம், ஆறு வயசிலேயே இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை கூடுதலாகத் தெரிந்தது என்று 2008-ல் எழுதினார்கள். அதற்காக டாக்டர் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையை யாரும் நிறுத்திவிடாதீர்கள்! பி-12-ஐயும் கவனிக்க வேண்டும் என்பதுதான் பாடம்.

பட்டினியின் தழும்பு எவ்வளவு நாள் இருக்கும் என்பதற்கு ஹாலந்து சாட்சி. இரண்டாம் உலக யுத்தத்தில், 1944-45 குளிர்காலத்தில் அங்கே கொடிய பஞ்சம். அப்போது தாயின் வயிற்றில் கருவாகியிருந்தவர்களை அறுபது வருஷம் கழித்துப் பரிசோதித்தார்கள். வளர்ச்சிக்கான ஒரு மரபணுவின் மேல் மெத்தில் குறி குறைவாக இருந்தது. 2008-ல் வெளிவந்த சேதி இது.

இதைக் கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது. நாளை ஒரு குழந்தைக்குத் தாயாகப் போகிறவளை அல்லவா நான் வாழைப்பழத்தில் படுக்க வைத்தேன்!

நமக்கு அளவு என்ன?

இந்தியர்களுக்கென்று 2009-ல் நிபுணர்கள் கூடி அளவு சொன்னார்கள். எடையை (கிலோவில்) உயரத்தால் (மீட்டரில்) இரண்டு தடவை வகுத்தால் வரும் எண் 23-க்கு மேல் போனால் எடை கூடுதல். 25-ஐத் தொட்டால் உடல் பருமன். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90-ஐத் தாண்டக் கூடாது. என் மகள் உயரம் 1.55 மீட்டர், எடை 66 கிலோ. கணக்குப் போட்டால் 27 சொச்சம். ஆகவே அவள் கொஞ்சம் இளைப்பது நல்லதுதான். எதற்காக, எந்த வழியில் என்பதில்தான் நான் தப்புச் செய்தேன்.

இது எங்கள் வீட்டுச் சங்கதி மட்டுமில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் எடை கூடியவர்கள் 2015-16-ல் 30.9 சதவீதம், 2019-21-ல் 40.4 சதவீதம். நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி என்றும், வயிறு பெருத்தவர்கள் நூற்றுக்கு 39 பேருக்கு மேல் என்றும் சென்னை டாக்டர் மோகன் குழுவினரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு 2023-ல் சொல்லிற்று.

எங்கள் வீட்டில் செய்தது

முதலில் பட்டினியை நிறுத்தினேன். மகளுக்கென்று தனிச் சாப்பாடு, மகனுக்கென்று தனிச் சாப்பாடு என்பதையும் நிறுத்தினேன். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல்.

நாலு பேருக்கு மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரேயடியாகக் குறைத்தால் இவர் முகம் சுளிப்பார். மாதம் அரை லிட்டராகக் குறைத்துக்கொண்டு வந்து இப்போது இரண்டரையில் நிற்கிறது. பாட்டிலைச் சாய்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றுவது ஒன்றுதான் தந்திரம்.

தலைச்சோலைப் பக்கத்திலிருந்து எஸ்டேட் வேலைக்கு வரும் ஒரு பாட்டி இருக்கிறார். மலையாளி சமூகத்துப் பெண்மணி. அறுபதைத் தாண்டியும் மேடு பள்ளமெல்லாம் ஒரே வீச்சில் நடப்பார். "எங்க காட்டுச் சாமையை விட்டுப்புட்டு நீங்க பாலீஷ் அரிசி வாங்கித் திங்கறீங்களே தாயி" என்பார். அவரிடம் சாமை வாங்க ஆரம்பித்தேன். சாமையானாலும் குவித்துச் சாப்பிட்டால் குவித்ததுதான்! தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு பருப்பு, சுண்டல் அல்லது முட்டை, மீதிதான் சாதம்.

மகளுக்கு டாக்டர் சொன்னபடி இரும்புச்சத்து மாத்திரை. பி-12-ஐயும் பரிசோதித்துக்கொண்டோம். பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி இவற்றில்தான் பி-12 இருக்கிறது. சுத்த சைவக்காரர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சாயங்காலம் இவரும் நானும் ஏரி வரைக்கும் போய் வருகிறோம். எடை மெஷினை வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஏறுவது. அளவு நாடாவால் இடுப்பை மாதம் ஒரு தரம் பார்ப்பது. மழை நாளில் நடக்க முடியாவிட்டால் படிக்கட்டில் பத்துத் தடவை ஏறி இறங்குவேன்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப் போன ஒரு பலகாரம் சொல்லுகிறேன். சாமை இரண்டு பங்கு, கொள்ளு ஒரு பங்கு. இரண்டையும் ஐந்து மணி நேரம் தனித்தனியே ஊற வையுங்கள். நாலு காய்ந்த மிளகாய், ஒரு ஸ்பூன் சீரகம், ஒரு துண்டு இஞ்சி, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். பொடியாக நறுக்கிய வெங்காயமும் ஒரு கைப்பிடி முருங்கைக் கீரையும் கலந்து அடையாக வாருங்கள். ஒரு அடைக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் போதும். மூடி போட்டு வேகவைத்தால் மெத்தென்று இருக்கும்.

இப்போது

பத்து மாதம் ஆயிற்று. நான் 80-லிருந்து 75-க்கு வந்திருக்கிறேன். 13 கிலோ இல்லை, வெறும் 5! ஆனால் தலைசுற்றல் இல்லை, முடி கொட்டவில்லை, ராத்திரி தூக்கம் வருகிறது. இடுப்பு 96 சென்டிமீட்டரிலிருந்து 90. இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது. நடுவில் தீபாவளி மாதத்தில் ஒரு கிலோ ஏறிக்கூடப் போயிற்று. முன்பானால் அழுதிருப்பேன். உடம்பு பழைய ஞாபகத்தில் இழுக்கிறது என்று தெரிந்ததால் அழவில்லை. மறுநாளும் நடந்தேன்.

மகளின் ஹீமோகுளோபின் 11.8 ஆகிவிட்டது. நாலு கிலோ குறைந்திருக்கிறாள். அந்த வரனை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். நானே போன் போட்டேன். "எங்க பொண்ணு படிப்பை முடிக்கட்டுங்க. எடைக்குன்னு நாங்க வாக்குக் கொடுக்கறதா இல்லை" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டு, "சரிங்க" என்று வைத்துவிட்டார். மகள் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி அவளாக வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

சகோதரிகளே, இளைத்து மறுபடி ஏறிய உங்களில் எத்தனையோ பேர் என்னைப் போல் உங்களையே நொந்துகொண்டிருப்பீர்கள். வாய்ருசி மட்டும் காரணமில்லை. உடம்புக்குள் ஒரு நோட்டு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பொறுமையாகப் போங்கள். உங்கள் வீட்டுப் பெண் குழந்தைகளைத் தட்டின் முன்னால் உட்கார வைத்துத் திட்டாதீர்கள்.

போன வாரம் தையற்காரப் பெண்ணிடம் புது ரவிக்கைத் துணி கொடுத்தேன். அளவெடுத்தவள், "எந்தப் பக்கத்துல எழுதட்டும் அக்கா?" என்றாள்.

"பழசை அடிக்க வேண்டாம். கீழே புதுசா எழுது. தேதியும் போட்டு வை" என்றேன்.